4000 மில்லிமீட்டருக்குள் ஓர் எஸ்யூவி: வரிச்சட்டம் வரைந்த வண்டி

இந்தியாவில் விற்பனைக்கு வந்த சிறிய எஸ்யூவி வண்டிகளின் தொழில்நுட்ப விவரங்களை அடுத்தடுத்து வைத்துப் படிப்பவருக்கு ஒரு விந்தை புலப்படும். ஃபோர்டு எக்கோஸ்போர்ட்டின் நீளம் 3999 மி.மீ. மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, ஹூண்டாய் வென்யூ, மஹிந்திரா எக்ஸ்யூவி300 ஆகிய மூன்றும் 3995 மி.மீ. எஞ்சின் கொள்ளளவிலும் பல வண்டிகளில் இதே ஒற்றுமை: பெட்ரோல் என்றால் 998 அல்லது 1197 சிசி, டீசல் என்றால் 1493 அல்லது 1497 சிசி. ஒன்றோடொன்று கடுமையாகப் போட்டியிடும் நிறுவனங்கள் இவ்வாறு ஒரே கோட்டருகே வந்து நின்றதற்கான விளக்கம் பொறியியல் நூல்களில் கிடைக்காது. 2006 பிப்ரவரி 28 அன்று நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில் அது இருக்கிறது.

அந்த அறிக்கையில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைத்தார். சலுகை அளிப்பதற்கு முன் 'சிறிய கார்' எது என்று சொல்லியாக வேண்டும். நீளம் 4000 மி.மீ.க்கு மிகாமலும், எஞ்சின் பெட்ரோலாயின் 1200 சிசிக்கும் டீசலாயின் 1500 சிசிக்கும் மிகாமலும் இருப்பது சிறிய கார் என்று வரையறுக்கப்பட்டது. மொழியியல் பயின்றவருக்கு இவ்விடம் சுவையானது. 'சிறிய' என்பது ஒப்பீட்டுப் பெயரடை. எதனோடு ஒப்பிட்டு என்ற கேள்வி பேச்சுவழக்கில் எப்போதும் அதனுடன் ஒட்டியே வரும். சட்டம் அந்த ஒப்பீட்டை அறுத்துவிட்டு மூன்று எண்களை வைத்தது. வண்டியின் உயரம், எடை, விலை ஆகியவற்றைப் பற்றி அவ்வரையறை ஏதும் பேசவில்லை. அது பேசாமல் விட்ட இடத்தில்தான் பின்னாளில் சிறிய எஸ்யூவி பிறந்தது.

முதலில் அவ்விடத்திற்குள் நுழைந்தவை செடான்கள். 2008இல் டாடா இண்டிகோ சிஎஸ் நான்கு மீட்டருக்குள் அடங்கியது. 2012இல் மாருதி, தன் டிசையரின் பின்பகுதியைக் குறுக்கி 3995 மி.மீ.க்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் மஹிந்திரா, நீண்ட சைலோவை வெட்டி 3985 மி.மீ. நீளமுள்ள குவாண்டோவை உருவாக்கி, 1493 சிசி மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினைப் பொருத்தியது. அதன் பின்புறத்தைப் பார்த்த எவருக்கும் வெட்டிய இடம் தெரியும்.

2013 ஜூனில் வந்த எக்கோஸ்போர்ட்டை விரிவாகப் பார்க்க வேண்டும். அதற்கு மூன்று எஞ்சின்கள். 1.0 லிட்டர் மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் 125 பி.எஸ். ஆற்றலும் 170 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. 1.5 லிட்டர் டீசல் 91 பி.எஸ்., 204 நியூட்டன் மீட்டர். டர்போ இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல் 112 பி.எஸ்., 140 நியூட்டன் மீட்டர். முதலிரண்டும் சட்டத்தின் கண்ணில் சிறிய கார்கள், மூன்றாவது அவ்வாறன்று. உடல் ஒன்று, நீளம் ஒன்று, நிறுத்துவதற்கு வேண்டிய இடமும் ஒன்று. ஆயினும் மூடியைத் திறந்து எஞ்சினைப் பார்த்த பிறகே அது சிறியதா என்று சொல்ல முடியும். வரி ஒன்றே விலையைத் தீர்மானித்தது என்றும் கூறிவிட முடியாது. கூடுதல் வரி சுமந்த 1.5 பெட்ரோல்தான் அறிமுக விலைப்பட்டியலில் மிக மலிவானது. டர்போ எஞ்சினின் செலவு வரிச்சலுகையையும் விழுங்கிவிட்டது.

கொள்ளளவை அளவுகோலாகக் கொண்டதன் சிக்கல் இங்கே வெளிப்படுகிறது. டர்போ இல்லாத எஞ்சினில் கொள்ளளவு கூடினால் பொதுவாக ஆற்றலும் கூடும்; ஆகவே சிசியை வண்டியின் தகுதிக்கு அடையாளமாகக் கொள்வதில் பொருளிருந்தது. டர்போ காற்றை அழுத்தி உள்ளே செலுத்தியதும் அந்த உறவு அறுந்தது. 2019இல் வந்த வென்யூவில் 1197 சிசி பெட்ரோல் எஞ்சின் 83 பி.எஸ். தந்தது, 998 சிசி டர்போ 120 பி.எஸ். தந்தது. குறிப்பான் அப்படியே நிற்க, குறிக்கப்பட்டது நகர்ந்துவிட்டது. ஆயினும் சட்டம் குறிப்பானையே எண்ணிக்கொண்டிருக்கிறது.

2013ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் எஸ்யூவி தனிப்பிரிவாயிற்று. அதன் வரி 27இலிருந்து 30 விழுக்காடாக உயர்ந்தது. சாலையிலும் நிறுத்துமிடத்திலும் அவை கூடுதல் இடத்தை எடுத்துக்கொள்கின்றன என்பது சொல்லப்பட்ட காரணம். 1500 சிசிக்கு மேற்பட்டு, 'எஸ்யூவி எனப் பரவலாக அறியப்படும்' வண்டிகள் என்றது அறிவிக்கை, 4000 மி.மீ.க்கு மேற்பட்ட நீளமும், தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் இடையே 170 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட இடைவெளியும் உடையவை என்று விளக்கமும் தந்தது. ஒரு பொருளின் வரி, மக்கள் அதை எப்பெயரிட்டு அழைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது! மஹிந்திரா எக்ஸ்யூவி500இன் தரையிடைவெளி விரைவில் 160 மி.மீ.க்கு இறங்கியது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோதும் அத்தொடர் கூடவே வந்தது. 2023 ஜூலையில்தான் ஜிஎஸ்டி மன்றம் 'பரவலாக அறியப்படும்' என்பதைக் கைவிட்டு, எப்பெயரால் அழைக்கப்பட்டாலும் அளவுகள் பொருந்தினால் போதும் என்றும், தரையிடைவெளியைச் சுமை ஏற்றாத நிலையில் அளக்க வேண்டும் என்றும் தெளிவுபடுத்தியது. வழக்குச் சொல்லின் மீது பத்தாண்டுகள் சாய்ந்து நின்ற சட்டம் அதனை உதறியது. எனினும் பிரெஸ்ஸாவும் வென்யூவும் விளம்பரத்திலும் தெருவிலும் எஸ்யூவி, வரித்தாளில் எஸ்யூவி அல்ல என்ற இருமை நீங்கவில்லை.

எல்லைக்கு வெளியே தெரிந்தே போனதும் உண்டு. 2016இல் பிரெஸ்ஸா, ஃபியட் வழிவந்த 1248 சிசி டீசல் எஞ்சினோடு மட்டுமே வந்தது: 90 பி.எஸ்., 200 நியூட்டன் மீட்டர். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசு விதி நடைமுறைக்கு வரவே, மாருதி டீசலையே கைவிட்டு 1462 சிசி பெட்ரோலைப் பொருத்தியது. நீளம் மாறவில்லை, வண்டியோ 31 விழுக்காட்டு வரியிலிருந்து 45க்குத் தாவியது. ஹூண்டாயோ வென்யூவுக்கு 1493 சிசி டீசலைத் தந்து மூன்று எஞ்சின்களையும் எல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டது. எல்லைக்குள் நிற்பதற்கும் விலை உண்டு. எக்ஸ்யூவி300, கொரியாவின் சாங்யாங் டிவோலியிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் குறைத்து உருவாக்கப்பட்டது. அந்த இழப்பைப் பெரும்பாலும் பெட்டி வைக்கும் இடமே ஏற்றது.

2025 செப்டம்பர் 22 முதல் மேல்வரி நீங்கி, சிறிய கார்களுக்கு 18 விழுக்காடும் ஏனையவற்றுக்கு 40 விழுக்காடும் என்றாயிற்று. 1200, 1500, 4000 என்ற மூன்று எண்கள் மட்டும் 2006இல் எழுதப்பட்டவாறே நிற்கின்றன. மின்வண்டிகளுக்கு இவை எதுவும் பொருந்தாது. எவ்வளவு நீளமாயினும் அவற்றுக்கு வரி 5 விழுக்காடே. ஆனால் 2020இல் வந்த டாடா நெக்ஸான் மின்வண்டி, பெட்ரோல் நெக்ஸானின் உடலைப் பெற்றதால், தனக்கு இல்லாத ஓர் எஞ்சினுக்காக வகுக்கப்பட்ட நான்கு மீட்டருக்குள்ளேயே அடங்கி வந்தது.