வாவிக்கும் காதுக்கும் நடுவில்

மீன்பாடும் தேனாடு எண்டு சொல்லாத மேடை மட்டக்களப்பில் இல்லை. ஆனால் எங்கட வயதுக்காரரில் அந்தப் பாட்டைக் காதால் கேட்டவர்களை எண்ண ஒரு கை போதும். கேட்ட மூத்த ஆக்களிடம் விசாரித்தால் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: பூரணை நிலவு, கல்லடிப் பாலத்தடி, தோணி, துடுப்பு. துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணிக்குள் விட்டு மற்ற நுனியைக் காதோடு ஒட்டிப் பிடிக்க வேணும்.

இந்தத் துடுப்பைச் சும்மா ஊர்க்கதை எண்டு தள்ள முடியாது. நீருக்குள் ஒலி செக்கனுக்குச் சுமார் 1500 மீற்றர் ஓடும், காற்றில் 340 மீற்றர்தான். இரண்டு ஊடகங்களும் ஒன்றுக்கொன்று இவ்வளவு பொருந்தாதவை என்பதால், நீருக்குள் பிறந்த ஒலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் மேலே காற்றுக்கு வருகிறது. மிச்சம் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பிவிடும். மரம் அப்படியில்லை. நீரின் அதிர்வை அது இலகுவாக வாங்கி, காதோரத்து எலும்புக்குக் கடத்தும். ஒலிப்பதிவுக் கூடங்களில் ஓடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, அதன் வேலையும் இதுதான்: ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரண்டு உலகங்களுக்கு நடுவில் நிற்பது. வாவியின் முதல் இன்டர்ஃபேஸ் துடுப்புத்தான் என்று நாங்கள் துணிந்து சொல்வோம்.

எழுத்தில் இதைப் பரப்பியவர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த அவர் 1848இல் மட்டக்களப்புக்கு வந்து, இரவில் தோணியில் போய்க் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலிபோல இருந்ததாம். தோணியின் மரத்தில் காதை வைத்ததும் சத்தம் பல மடங்கு கூடியது என்றும் 1859இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். பாடுவது சிப்பி என்று ஊர்க்காரர் சொன்னதையும் ஆங்கில எழுத்தில் குறித்து வைத்திருக்கிறார். அதை எங்கட வாயில் போட்டுப் பார்த்தால் 'ஊரி குளறுது' எண்டுதான் வருகுது. மீனா, ஊரியா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளோ இந்த ஒலியை நீரர மகளிரின் இசையாகக் கேட்டார். அவர் அடங்கியிருப்பதும் கல்லடி உப்போடையில், வாவிக்குக் கிட்டத்தான்.

அடுத்தது வானொலி. கொழும்பில் ஒலிபரப்பைத் தொடங்கிய எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவிகளைக் கழற்றித்தான் முதல் ஒலிபரப்பியைச் செய்தார் என்பது வானொலி வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது. 1925இல் ஒழுங்கான சேவை வந்தது, 1949இல் அது ரேடியோ சிலோன் ஆனது. புனித மிக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் வாவிக்குள் நீரொலி வாங்கியை இறக்கி அந்த ஒலியைப் பதிவு செய்தார். 1960களில் அது வானொலியில் போனது. தோணியில் கால் வைக்காத ஆக்களும் வாவியைக் கேட்டது அப்போதுதான்.

அந்தக் காலத்து ரேப்பில் மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் இடையே 60 டெசிபெல் அளவில்தான் இடம் கிடைக்கும். அதற்குக் கீழே போனால் ரேப்பின் சொந்த இரைச்சல் விழுங்கிவிடும். வாவியின் பாட்டோ மெல்லியது. பிறகு யுத்தம். இராவில் தோணி இறக்குவதே உயிரோடு விளையாடுவதாக இருந்த வருஷங்களில் ஆர் மீன் பாட்டுக் கேட்கப் போவது?

இப்போது கூடங்களிலும் ஒலிபரப்பு நிலையங்களிலும் இருக்கும் பெட்டிகள் வேறு மாதிரி. முன்பு எட்டு மைக் வாசல் என்றால் எட்டுத்தான். ஒன்பதாவது வேண்டுமென்றால் புதுப் பெட்டி. மொடியூலர் வகையில் வெறும் சட்டகத்தை வாங்கி, தேவைக்கேற்ப அட்டைகளைச் செருகலாம். ஒரு துளையில் மைக் பிரீஆம்ப், இன்னொன்றில் லைன், வேறொன்றில் மாடி. (வீட்டு மாடி இல்லை. 1991இல் தரமாக்கப்பட்ட, ஒரே கம்பியில் 64 தடங்கள் வரை கொண்டுபோகும் முறை.) சாதாரண வலையமைப்புக் கம்பியில் ஒலியை அனுப்பும் டான்டேக்கும் அட்டை உண்டு. நேரடி ஒலிபரப்புக்கு என்று செய்தவற்றில் மின்வழங்கி இரண்டு இருக்கும், ஒன்று செத்தால் மற்றது தாங்கும். விலை எங்கட கைக்கு எட்டாது, உண்மைதான். ஆனால் ஒரேயடியாக வாங்கத் தேவையில்லை என்பதே சின்னக் கூடங்களுக்குப் பெரிய விஷயம்.

வாவிக்கு இது ஏன் முக்கியம்? நீரொலி வாங்கிகள் பலவற்றுக்குள் இருப்பது அழுத்தினால் மின் தரும் பீங்கான். அதைச் சாதாரண மைக் வாசலில் நேரே குத்தினால் அடிச்சுருதி முழுக்கக் கரைந்துபோகும். பத்து லட்சம் ஓம் அளவு மின்மறுப்புள்ள வாசல் வேணும், அல்லது வாங்கிக்குள்ளேயே பிரீஆம்ப் இருக்க வேணும். துடுப்பு தீர்த்த அதே பொருத்தப் பிரச்சினை இங்கே மின்சாரத்தில் திரும்ப வருகிறது.

அதைவிடப் பெரியது கடிகாரம். இந்தப் பெட்டிகளில் எல்லா அட்டைகளும் ஒரே வேர்ட் குளொக்குக்கு ஆடும். செக்கனுக்கு 48,000 மாதிரி எடுத்தால், ஒரு மாதிரிக்கும் அடுத்ததுக்கும் நடுவில் நீருக்குள் ஒலி நகர்வது 3 சென்ரிமீற்றர் அளவுதான். நாலு வாங்கிகளை வாவியின் நாலு இடத்தில் இறக்கி, ஒரே கடிகாரத்தில் பதிந்தால், ஒலி எதற்கு முதலில் வந்தது, மற்றதுகளுக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்ற கணக்கிலிருந்து பாடுகிற இடத்தைக் கண்டுபிடிக்கலாம். அந்த இடத்தில் சேற்றைக் கிளறிப் பார்த்தால் ஊரியா மீனா எண்ட பழைய வழக்குக்கு ஒரு சாட்சி கிடைக்கும். நாலு தனித்தனிக் கைபேசிகளால் இது ஏலாது. அதுகளின் கடிகாரங்கள் ஒன்றையொன்று விட்டு மெல்ல மெல்ல விலகும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. இந்தப் பாட்டின் வரலாற்றில் நாங்கள் சொல்லும் பெயர்களில் டெனன்ட் இருக்கிறார், லாங் அடிகளார் இருக்கிறார், 2014இல் வந்து தேடிய பிபிசி இருக்கிறது. துடுப்பைக் காதில் வைக்கச் சொல்லிக் கொடுத்த மீனவரின் பெயர் ஒன்றையும் நாங்கள் சொல்வதில்லை. பெட்டி வைத்திருந்தவருக்கே பெயர். டிஜிட்டல் ஒலிக் கோப்பில் இடம், திகதி, நேரம், ஆள் எல்லாம் எழுத இடமுண்டு; அதை நிரப்பாமல் விடுவது எங்கட பிழை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம், எல்லா இடத்திலும் பாட்டு வராது. கல்லடியில் 2013இல் திறந்த புதுப் பாலத்தில் வாகனம் குறைவது நள்ளிரவுக்குப் பிறகுதான். எனவே அடுத்த பூரணைக்கு இரண்டு வாங்கியோடு, ஒரு மணி பிந்தி, பாலத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். கோப்பின் முதல் வரியில் போவது தோணிக்காரரின் பெயர்.