முட்டையும் முக்கோணமும்



ஊரில் வீடு கட்டுவது பற்றி முன்பு பேசியதைக் கேட்ட சிலர் தொலைபேசியில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முக்கோணச் சட்டங்களைப் பூட்டி அரைக்கோளமாக நிமிர்த்துகிற வீடு பெட்டியில் வருகிறதாம். நாலைந்து பேர் சேர்ந்தால் மேசனும் தச்சரும் இல்லாமலே ஒரு கிழமையில் எழுப்பலாமாம். விடுவிக்கப்பட்ட எங்கள் காணிகளில் இது சரிவருமா? ஊருக்கு அனுப்புகிற காசு இரவு வேலை செய்து சேர்த்த காசு என்றபடியால் இதைச் சும்மா கேள்வியாக எடுக்க முடியாது. பதிலுக்கு முன்னர் இந்தக் கூரையின் வரலாற்றைச் சொல்லவேண்டும். அதில் ஒரு பங்கு நாங்கள் வாழ்கிற இந்த நாட்டில்தான் நடந்தது.

கார்ஹிங்கில் இருக்கிற எங்களுக்கு முட்டையைத் தெரியும். 1957 ஒக்ரோபர் 31 இல் இயங்கத் தொடங்கி 2000 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்ட ஆராய்ச்சி அணு உலையின் கட்டடம் அது. ஜேர்மனியர் அதை 'அற்றோம்-ஐ', அதாவது அணு முட்டை என்பார்கள். உழவர் கிராமமாக இருந்த ஊருக்கு அது பெயர் வாங்கித் தந்தது. நகரத்தின் இலச்சினையிலும் அதன் உருவம் இருக்கிறது. உயரம் 30 மீற்றர், கொங்கிறீற் ஓட்டின் தடிப்போ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. அதற்குள் முக்கோணச் சட்டம் கிடையாது. ஆனால் மெல்லிய கொங்கிறீற் ஓடும் முக்கோணக் குவிமாடமும் ஒரே கூரையில் பிறந்தவை. அந்தக் கூரை யேனா நகரத்தில் இருந்தது.

மியூனிச் ஜேர்மன் அருங்காட்சியகத்தை நிறுவிய ஒஸ்கார் பொன் மில்லர், வானத்து நட்சத்திரங்களை மண்டபத்துக்குள் காட்டும் கருவி ஒன்றை யேனாவிலுள்ள சைஸ் நிறுவனத்திடம் கேட்டிருந்தார். அங்கே பொறியியலாளராக இருந்த வால்ற்றர் பவுவர்ஸ்பெல்ட், ஒளியைக் கோளத்தின் உட்புறத்தில் விழுத்தினால் போதும் என்று கண்டார். கருவியைச் சோதிக்க ஓர் அரைக்கோளம் வேண்டும். தொழிற்சாலைக் கூரையின்மேல் பாரமான கட்டடம் தாங்காது. ஆகவே அவர் மெல்லிய இரும்புக் கம்பிகளை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டி 16 மீற்றர் விட்டமுள்ள கூடு ஒன்றை எழுப்பினார். டிக்கர்ஹொவ் உண்ட் விட்மன் என்ற கட்டட நிறுவனத்தார் அதன்மேல் கொங்கிறீற்றை விசிறினார்கள். தடிப்பு 3 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால், கோழி முட்டையின் ஓடு அதன் அளவுக்கு இதைவிடப் பல மடங்கு தடிப்பானது.

ஏன் முக்கோணம்? நாலு தடியைச் சதுரமாகக் கட்டி மூலையில் தள்ளிப் பாருங்கள், சரிந்துபோகும். மூன்று தடியைக் கட்டித் தள்ளுங்கள். தடி முறிந்தால்தான் உருவம் மாறும். கோளம் முழுவதும் முக்கோணமாக இருந்தால் ஓரிடத்தில் விழுகிற பாரத்தை எல்லாத் தடிகளும் பங்குபோட்டுக்கொள்ளும். உள்ளே தூணே தேவையில்லை.

அந்தக் கருவி 1923 ஒக்ரோபர் 21 இல் மியூனிச்சில் முதன்முறை காட்டப்பட்டது. பாண் விலை கோடிகளில் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. மூன்று கிழமைக்குள் அதே நகரத்தில் ஹிட்லர் ஆட்சியைப் பிடிக்க முயன்றார். கண்டுபிடிப்புகளின் வரலாற்றைப் படிக்கும்போது வெளியே தெருவில் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

பவுவர்ஸ்பெல்ட்டின் பிற்காலத்தை எங்கள் நேயர்கள் விசேடமாகக் கவனிப்பார்கள். 1945 ஜூன் மாதம், யேனா சோவியத் படைகளிடம் கைமாற இருந்தபோது, அமெரிக்கப் படையினர் சைஸ் நிறுவனத்தின் முக்கியமானவர்களைக் குடும்பங்களோடு மேற்கே கொண்டுபோனார்கள். அவரும் அதில் ஒருவர். ஹைடன்ஹைமில் இருந்துகொண்டு பக்கத்து ஒபர்கோகனில் நிறுவனத்தைத் திரும்பக் கட்டியவர்களில் அவரும் இருந்தார். 1959 இல் இறந்தார். ஊர் விட்டு வந்த அகதிகளால் பவேரியா நிறைந்திருந்த காலம் அது. அவர்கள் இருந்தது குவிமாடத்தில் இல்லை, பலகைக் கொட்டில்களில்.

இதே வடிவத்துக்கு உலகப் புகழ் தேடிக் கொடுத்தவர் அமெரிக்கரான பக்மின்ஸ்ரர் புல்லர். 'ஜியோடெசிக்' என்று பெயர் வைத்ததும் அவரே. 1948 இல் பிளாக் மவுண்டன் கல்லூரியில் மாணவர்களோடு அவர் எழுப்ப முயன்ற முதற் குவிமாடம் நிமிரவே இல்லை. அடுத்த வருடம் நிமிர்ந்தது. 1954 இல் காப்புரிமை பெற்றார். எல்லா மனிதருக்கும் மலிவான, கையால் தூக்கக்கூடிய வீடு என்பது அவருடைய கனவு. ஆனால் முதலில் வாங்கியவர்கள் வீடில்லாத ஏழைகள் அல்லர். போர்ட் மோட்டார் நிறுவனமும் அமெரிக்க இராணுவமும்தான் வாங்கின. வடதுருவப் பக்கத்து றேடார்களை மூடியவை இந்தக் குவிமாடங்களே. மொன்றியலில் உறவினர் உள்ளவர்கள் 1967 கண்காட்சிக்காக எழுந்த 76 மீற்றர் கோளத்தைப் பார்த்திருப்பீர்கள். 1976 இல் அதன் பிளாஸ்ரிக் தோல் தீயில் எரிந்துபோனது. இரும்புக் கூடு இன்றும் நிற்கிறது.

வீடாக இதைச் சோதித்தவர்கள் வேறு ஆட்கள். 1965 இல் கொலராடோவில் 'ட்றொப் சிற்றி' என்ற குடியிருப்பில் இளைஞர்கள் பழைய கார்க் கூரைகளை வெட்டிக் குவிமாடம் கட்டினார்கள். சில வருடங்களில் அந்த இடம் கைவிடப்பட்டது. கலிபோர்ணியாவில் லொயிட் கான் என்பவர் ஒரு பள்ளி மாணவர்களோடு 17 குவிமாடங்கள் கட்டி, கட்டும் முறையை 1970 இலும் 1971 இலும் புத்தகங்களாக எழுதினார். அவை நன்றாக விற்றன. பின்பு அவரே அந்தப் புத்தகத்தை மறுபடி அச்சிடாமல் நிறுத்தினார். மழை ஒழுகுகிறது, சதுரப் பலகையை முக்கோணமாக வெட்டினால் வீணாகிறது, உள்ளே அறை பிரிக்க முடியவில்லை, பிறகு ஒரு பத்தி இறக்கவும் முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதினார். விற்கிற புத்தகத்தை நிறுத்துகிற எழுத்தாளரைக் காண்பது அரிது.

ஒழுக்கின் காரணம் எங்கள் ஆட்களுக்கு உடனே விளங்கும். கிடுகும் ஓடும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் தண்ணீர் வழிந்து போய்விடுகிறது. குவிமாடத்தில் முக்கோணத்துக்கு முக்கோணம் ஒரு மூட்டு. ஒவ்வொரு மூட்டையும் பசையால் அடைக்கவேண்டும். வெயிலில் பசை வெடிக்கும், கார்த்திகை மழை உள்ளே வரும். பூட்டு ஒன்று உடைந்தால் அதே பூட்டை வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவேண்டும். கிடுகு வீட்டை அயலார் சேர்ந்து ஒரு பகலில் வேய்ந்து முடித்தார்கள். தென்னோலையும் கயிறும் வளவிலேயே கிடந்தன.

அகதிகள் தாங்களே கட்டிய குவிமாடம் ஒன்று உண்டு. அதில் முக்கோணம் இல்லை. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, மண் நிரப்பிய நீளப் பைகளை வளையம் வளையமாக அடுக்கி, வரிசைக்கு வரிசை முட்கம்பி வைத்துப் பிடிக்கும் முறையை உருவாக்கினார். 1995 இல் ஈரானின் பனினஜார் முகாமில் ஈராக்கிய அகதிகள் இம்முறையில் தங்களுக்குக் குடில்கள் கட்டினார்கள். 2004 இல் இம்முறைக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. மண்மூடையும் முட்கம்பியும் எங்களுக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று சொல்லத் தேவையில்லை. பங்கர் வெட்டின கைகளுக்கு இந்த வேலை புதிதாயும் இராது. ஆனால் அது வரண்ட நிலம். எங்கள் மாரிக்கு வெளிப்பூச்சும் நல்ல அத்திவாரமும் இல்லாமல் அது நிற்காது.

ஆகவே கேட்டவர்களுக்கு என் பதில்: குடியிருக்கும் வீட்டுக்கு வேண்டாம். அந்தக் காசில் ஊர் மேசனைக் கொண்டு ஓட்டு வீடு கட்டுங்கள். நாற்று மேடைக்கும் கோழிக் கூட்டுக்கும் கொடிப் பந்தலுக்கும் முக்கோணக் கூடு அருமையானது, ஒழுகினாலும் பாதகமில்லை. இங்கே தோட்டத் துண்டு வைத்திருப்பவர்கள் கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்கலாம். 2 மீற்றர் விட்டமுள்ள அரைக்கோளத்துக்கு 65 தடிகள் வேண்டும். 55 சென்ரிமீற்றரில் 30, 62 சென்ரிமீற்றரில் 35. அளவைத் துளைக்குத் துளை எடுங்கள், முனைக்கு முனை எடுத்தால் கடைசித் தடி பூட்டுப்படாது. பாகற்கொடி அதில் நன்றாகப் படரும்.