வீட்டிலேயே ஸ்போர்ட்ஸ் கார் ரெடி... பிரேக் பிடிக்குமா? ஸ்டீயரிங் நேரா நிக்குமா?

பழைய மாருதி 800 எஞ்சின், பட்டறையில் வெல்டிங் செய்த குழாய் சட்டம், அதன் மேல் ஃபைபர் பாடி. 'சொந்தமா ஸ்போர்ட்ஸ் கார் செய்த இளைஞர்' என்று இப்படி ஒரு வீடியோ அடிக்கடி நம் போனுக்கு வருகிறது. எவ்வளவு செலவு, எவ்வளவு வேகம் போகும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று கேட்பவர் குறைவு.

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், வன்னியம்பட்டி பக்கம் இருப்பவர்களுக்குச் சாலை நிலைமையைச் சொல்லத் தேவையில்லை. ஆட்டு மந்தை குறுக்கே வரும், டிராக்டர் லைட் இல்லாமல் நிற்கும். 60 கி.மீ. வேகத்தில் போகும் கார், நல்ல பிரேக் இருந்தால் மிதித்த இடத்திலிருந்து சுமார் 18 மீட்டரில் நிற்கும். பிரேக் அரைகுறையாகப் பிடித்தால் அதே கார் 28 மீட்டர் வரை போகும். நடுவில் இருக்கும் அந்த 10 மீட்டர்தான் விஷயமே.

தமிழ்நாட்டில் இது புதுசா?

இல்லை. கோவையில் ஜி.டி.நாயுடு 1952-லேயே இரண்டு பேர் போகும் பெட்ரோல் காரை உருவாக்கினார். அரசு அனுமதி கிடைக்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை. அதே கோவையில் எஸ்.கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து 'ஃபார்முலா மாருதி' என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்களை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிப் பழகியது இந்தக் காரில்தான். கரிவர்தன் 1995-ல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே செய்த ரேஸ் கார்களோடு மோதும் 'ஃபார்முலா பாரத்' போட்டி அங்கேதான் நடக்கிறது.

மாருதி எஞ்சினை ரேஸ் காருக்கு மாற்ற முடியும் என்பது அப்போதே நிரூபணமான விஷயம். ஆனால் அந்த காரின் பிரேக்கையும் அப்படியே மாற்றலாமா? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

பிரேக்: எஞ்சின் இடம் மாறினால் கணக்கும் மாறும்

மாருதி 800-ல் எஞ்சின் முன்னாடி இருக்கிறது, அதனால் எடையில் பெரும்பகுதியும் முன்னாடிதான். பலமாக பிரேக் அடித்தால் பின்பக்க எடை இன்னும் கொஞ்சம் முன்னாடி சாயும். அந்த நேரத்தில் முன் சக்கரங்கள் தாங்கும் பங்கு 80 சதவீதத்தை நெருங்கும். கம்பெனி பிரேக்கை அமைத்தது இந்தக் கணக்குக்குத்தான்.

அதே எஞ்சினை டிரைவருக்குப் பின்னால் வைத்து 600 கிலோவில் ஒரு கார் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்னே 240 கிலோ, பின்னே 360 கிலோ. சக்கரங்களுக்கு நடுவே 2.3 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து 45 செ.மீ. உயரம். முழுசா பிரேக் அடித்தால் ஏறக்குறைய 94 கிலோ முன்னாடி சாயும். அப்போது முன்னே 334, பின்னே 266. அதாவது 56-க்கு 44.

இந்தக் காரில் பழைய பிரேக்கை அப்படியே மாட்டினால், முன் சக்கரம் சீக்கிரம் லாக் ஆகி வழுக்கும். பின் சக்கரம் பாதி வேலைகூட செய்யாது. மிதித்தால் 'கிரீச்' சத்தம் வரும், கார் நிற்காது, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் திரும்பாது. 'பெரிய டிஸ்க் போடு, சரியாயிடும்' என்று முன்பக்கம் இன்னும் பெரிய டிஸ்க் போடுவது நோயைக் கூட்டும் வைத்தியம்.

பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு பழைய காரில் இருக்கும். அதை எடுத்துவிட்டு, திருகி அட்ஜஸ்ட் செய்யும் வால்வு போடுவது ஒரு வழி. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு மாஸ்டர் சிலிண்டர் வைத்து, நடுவில் பேலன்ஸ் பார் போடுவது ரேஸ் கார்காரர்களின் வழி. எதைச் செய்தாலும் முன் சக்கரம் ஒரு நூல் முந்தி லாக் ஆக வேண்டும். பின் சக்கரம் முந்தினால் கார் சுழன்றுவிடும், இது அதைவிட மோசம். காலி மைதானத்தில் 30 கி.மீ. வேகத்தில் பிரேக் அடித்து, எது முதலில் நிற்கிறது என்று தள்ளி நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெடல் கல்லு மாதிரி இருக்கே, ஏன்?

பூஸ்டர் வைக்க இடமில்லாமல் அதைக் கழற்றிவிட்டிருப்பீர்கள். பூஸ்டர் இல்லாத காரில் காலின் பலத்தை பெடலே ஆறு மடங்காகக் கூட்டித் தர வேண்டும். பூஸ்டர் இருந்த காரின் பெடல் நான்கு மடங்கு அளவில்தான் தரும். அதனால் பெடலையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பெரிசு போட்டால் நல்லா பிடிக்கும் என்று நினைப்பார்கள், உண்மை நேர் எதிர். காலில் 30 கிலோ அழுத்தம், ஆறு மடங்கு பெடல் என்றால் சிலிண்டருக்கு 180 கிலோ போகும். 19 மி.மீ. துளை உள்ள சிலிண்டரில் அது சதுர செ.மீ.க்கு சுமார் 63 கிலோ அழுத்தம். 16 மி.மீ. சிலிண்டரில் சுமார் 90. சின்னது அதிகம் அழுத்தும், பெடல் மட்டும் கொஞ்சம் ஆழமாகப் போகும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினால் முதல் சந்தேகம் உள்ளே இருக்கும் காற்று. எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் போகவில்லையா? காலிப்பரைப் பாருங்கள். பொருத்தும் வசதிக்காக இடது காலிப்பரை வலதில் மாட்டியிருந்தால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே போயிருக்கும். காற்று மேலேயே நிற்கும், நாள் பூரா மிதித்தாலும் வராது. அதுவும் சரியாக இருந்தால், ஒருவர் பெடலை அழுத்த இன்னொருவர் பெடல் மாட்டியிருக்கும் தகட்டைப் பார்க்கட்டும். தகடு வளைந்தால் உங்கள் கால் பலம் அங்கேயே செலவாகிறது.

பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி வரும், பெடல் தரைக்குப் போய்விடும். திறந்து பாதி மீந்த பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

ஸ்டீயரிங்: கை விட்டால் தானாக நேராகணும்

வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் தானே நடுவுக்குத் திரும்ப வேண்டும். அதைச் செய்வது காஸ்டர் கோணம், அதாவது முன் சக்கரத்தின் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். முன்பக்கம் லேசான காரில் காஸ்டர் குறைவாக இருந்தால் ஸ்டீயரிங் உயிரே இல்லாமல் சுற்றும். 5 முதல் 7 டிகிரி வரை வைத்தால் கைக்கு ஒரு பிடிமானம் தெரியும்.

இதைவிடப் பெரிய தொல்லை, மேடு பள்ளத்தில் கார் தானாகவே இடம் வலம் இழுப்பது. சக்கரம் மேலே ஏறும்போது சஸ்பென்ஷன் ஆர்ம் ஒரு வளைவிலும், டை ராட் வேறொரு வளைவிலும் நகர்ந்தால் சக்கரம் நீங்கள் திருப்பாமலேயே திரும்பும். எங்கோ இடம் கிடைத்தது என்று ராக்கை வெல்டிங் செய்தால் இதுதான் நடக்கும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் ஒரு லேசர் பேனாவைக் கட்டி எதிர்ச் சுவரில் அடியுங்கள். ஜாக்கியால் சக்கரத்தை ஏற்றி இறக்குங்கள். புள்ளி நேராக மேலும் கீழும் போனால் நல்லது, பக்கவாட்டில் ஓடினால் ராக்கின் உயரத்தை வாஷர் வாஷராக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் வேலைதான், ஆனால் இந்த ஒரு நாளைத்தான் யாரும் செலவழிப்பதில்லை.

ஸ்டீயரிங் கம்பியில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் இருந்தால் இரண்டும் ஒரே வாட்டத்தில் இருக்க வேண்டும். மாறியிருந்தால் ஒரே சுற்றில் லேசாகவும் கனமாகவும் மாறி மாறி வரும். கம்பியை நீளமாக்க ஒட்டு போட்டு வெல்டிங் வைப்பதை மட்டும் செய்யவே கூடாது. அது முறிந்தால் கையில் வெறும் வளையம்தான்.

மாணவர் ரேஸ் கார் விதிகள் நல்ல அளவுகோல். ஸ்டீயரிங்கில் மொத்த ஆட்டம் 7 டிகிரிக்கு மேல் கூடாது. 36 செ.மீ. வளையத்தில் அது சுமார் 2 செ.மீ. பிரேக் லைன் தனித்தனியாக இரண்டு இருக்க வேண்டும், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். பெடல் 2,000 நியூட்டன், அதாவது சுமார் 200 கிலோ அழுத்தத்தைத் தாங்க வேண்டும். நான்கு சக்கரமும் லாக் ஆவதைக் காட்டாத காரை ஓட்டப் போட்டிகளில் இறக்கவே விடமாட்டார்கள்.

ரோட்டில் ஓட்டலாமா?

கூடாது. புது வகை வாகனம் பதிவாக வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் தேறி சான்று வாங்க வேண்டும். தனி ஆளுக்கு அந்தச் செலவு காரின் விலையையே தாண்டும். பதிவான காரை வெட்டி ஒட்டினாலும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52 குறுக்கே நிற்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் உண்டு. சொந்த நிலமும் ரேஸ் டிராக்கும்தான் இந்தக் கார்களுக்கு இடம். டிராக்கிலும் பரிசோதனையில் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் தேறினால்தான் கேட் திறக்கும்.