மதீனத்து நரம்பு

முத்துக்குளித்துறையாம் நம் தூத்துக்குடிக் கரையில் இறாலையும் நண்டையும் அறியாதார் இலர். அவற்றின் இனத்தைச் சேர்ந்த, இரண்டு மில்லிமீட்டரும் தேறாத ஒற்றைக்கண் உயிர் ஒன்று நன்னீரில் வாழ்கிறது. ஸைக்ளாப்ஸ் என்பது அதன் பெயர். நம் முன்னோரை வாட்டிய நரம்புச் சிலந்தி நோயைச் சுமந்து வந்தது இதுவே.

அரபு மருத்துவர்கள் இந்நோயை 'இர்க்குல் மதனீ', அதாவது மதீனத்து நரம்பு என்றனர். புகாராவை அடுத்துப் பிறந்த இப்னு ஸீனா (980–1037), புண்ணில் தலைகாட்டும் புழுவை அறாமல் சிறுகச் சிறுகச் சுற்றி இழுக்கும் முறையைத் தம் 'அல்கானூனில்' வகுத்தார். நோய் வரும் வழியோ மறைந்தே இருந்தது. 1870-இல் அதே துருக்கிஸ்தானத்தில் ரஷ்ய அறிஞர் பெத்சென்கோ அதனைக் கண்டார். புண்ணுடையவர் படிக்கிணற்றில் கால் நனைக்க, இளம்புழுக்கள் நீரில் கலக்கும். ஸைக்ளாப்ஸ் அவற்றை உண்ணும். அந்நீரைப் பருகியவர் உடலில் ஓராண்டில் புழு முழத்துக்கு மேல் வளரும்.

இதற்கு மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. ஆயினும் 1983–84-இல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டம் படிக்கிணறுகளை மாற்றியமைத்தது. குடிநீரைத் துணியால் வடிகட்டக் கற்பித்தது. நோயுற்ற மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. இந்தியாவின் இறுதி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் காணப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டுக்கு விடுதலைச் சான்று வழங்கியது.

தேங்கிய நீரை அசுத்தப்படுத்தாதீர் என நம் மார்க்கம் விலக்கியதன் ஹிக்மத்தை இவ்வரலாற்றில் காண்கிறோம். ஒருவர் கால் நனைத்த நீரே மற்றவர் வீட்டுக் குடத்தை நிரப்புகிறது. ஆதலின் நீரைக் காப்பது அண்டை வீட்டார்க்கு நாம் செலுத்தும் ஹக்கு ஆகும்.