மலையடிவாரத்து ராசையாவும் பதினெட்டு வருடமும்

சென்ற வருட சந்திப்பு விழாவில் மதியப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த மூன்றாம் ஆண்டுத் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, லேப்டாப் வாங்கிட்டேன், கீபோர்டு வாங்கிட்டேன், சாப்ட்வேரும் இருக்கு. இன்னும் என்ன வாங்கினா மியூசிக் புரொட்யூசர் ஆகலாம்?" அந்த நேரம் பார்த்து சாம்பார் வாளி வந்தது, நான் தப்பித்தேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. மலருக்குக் கட்டுரை கேட்டு சங்கத்திலிருந்து கடிதம் வந்ததும், அந்தத் தம்பிக்குப் பட்ட கடனை இங்கேயே அடைத்துவிடலாம் என்று தோன்றியது.

நாங்கள் படிக்கும்போது கொடைக்கானலுக்கு டூர் போனோம். குணா குகை வாசலில் பஸ் முழுக்க ஒரே பாட்டைப் பாடித் தீர்த்தோம். அந்த இடத்துக்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் 'டெவில்ஸ் கிச்சன்'. 1991-ல் 'குணா' படம் வந்த பிறகு ஊரே அதைக் குணா குகை ஆக்கிவிட்டது. 2006-ல் கேரளத்து இளைஞர் ஒருவர் அங்கே குழிக்குள் விழுந்து, நண்பர்களால் மீட்கப்பட்டார். அந்தச் சம்பவத்தை வைத்து 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்தபோது, 33 வருடத்துக்கு முந்தைய அதே கடிதப் பாட்டுக்குத் தியேட்டர் மறுபடியும் எழுந்து நின்றது. அப்போது பிறந்தே இருக்காத பிள்ளைகள்தான் அதிகம்! அந்தப் பாட்டைச் செய்தவர் எங்கிருந்து வந்தார் என்று பார்ப்போமே.

பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவுக்குக் கீழே பெரியகுளம், தேனி. அங்கிருந்து தென்மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1943-ல் அங்கே பிறந்தவர் ராசையா. அப்போது அது மதுரை மாவட்டம். அம்மா சின்னத்தாயின் பாட்டுத்தான் முதல் பள்ளிக்கூடம். தாலாட்டும் வயல் பாட்டும் ஒப்பாரியும் யாரும் சொல்லிக் கொடுக்காமல் காதில் ஏறியவை. வைகை அணை கட்டியபோது அங்கே கூலி வேலை பார்த்ததையும் அவரே சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது பள்ளிக்கூடம் அண்ணன் பாவலர் வரதராஜன். கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். பழனி மலை மேற்கே போய்ச் சேருகிற அந்த உயர்மலைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். அவர்களிடம் ஓட்டுக் கேட்கப் பாவலரின் பாட்டு போனது. வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்தக் காலத்தில்தான் ராசையாவும் அண்ணன் குழுவில் சேர்ந்தார். குரல் உடையாத வயது. பெண் குரலில் பாடுவது அவர் வேலை. பின்னாளில் பாஸ்கர், அமர்சிங் (நம் கங்கை அமரன்) எல்லோரும் சேர்ந்து 'பாவலர் பிரதர்ஸ்' ஆனார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்றால் கூட்டம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடும். அதைவிடக் கறாரான வாத்தியார் யார்?

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அதே பழனி மலையின் உச்சியில், 1901-ல் தொடங்கிய அமெரிக்க மிஷன் பள்ளி இருந்தது. இன்று அது கொடைக்கானல் இண்டர்நேஷனல் பள்ளி. அங்கே பியானோவும் கோரஸும் உண்டு. ஆனால் அடிவாரத்துக் கூலி வீட்டுப் பையனுக்கும் அந்தப் பியானோவுக்கும் நடுவே இருந்தது வெறும் மலைச்சாலை இல்லை. பணமும் சாதியும் பாஷையும் சேர்ந்த ஏற்றம். அதை ஏற எந்த பஸ்ஸும் கிடையாது. அதனால் மேற்கத்திய இசையை எழுதப் படிக்க அவர் 1960-களின் கடைசியில் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது.

மயிலாப்பூரில் ஒரு லாட்ஜ் அறை. அங்கே தன்ராஜ் மாஸ்டர் என்ற கண்டிப்பான ஆசிரியர். ஸ்டாஃப் நொட்டேஷன், ஹார்மனி, பாக், மொஸார்ட் எல்லாம் அந்த அறையில்தான். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கமும் வாங்கினார். 'ராஜா' என்று பெயரைச் சுருக்கியதும் மாஸ்டர்தான். வயிற்றுப்பாட்டுக்கு ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளர் வேலை, கன்னடப் படங்கள், சலீல் சௌத்ரி போன்றவர்களின் ரிக்கார்டிங்குகளில் கிடார். அடுத்தவர் பாட்டுக்கு வாசித்து வாசித்தே ஸ்டூடியோவின் சூட்சுமம் கைக்கு வந்தது.

1976-ல் பஞ்சு அருணாசலம் 'அன்னக்கிளி'யைக் கொடுத்து, 'ராஜா'வுக்கு முன்னால் 'இளைய'வையும் சேர்த்தார். 1958-லிருந்து எண்ணினால் 18 வருடம்! அப்போது அவருக்கு 33 வயது முடியவில்லை. இன்றைக்கு என் வயதுதான். வழிகாட்டிய பாவலர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

பொறியாளன் புத்தி, எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் விடாது. மெட்டு அம்மாவிடமிருந்து. கேட்பவனின் நாடி பிடிக்கும் வேகம் பாவலர் மேடையிலிருந்து. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக முன்கூட்டியே காகிதத்தில் எழுதிவிடும் பழக்கம் தன்ராஜ் மாஸ்டரிடமிருந்து. நாம் டிராயிங் போட்டு முடித்த பிறகு கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டுவது மாதிரி. குறித்த நேரத்தில் வேலையை முடிக்கும் ஒழுங்கு வெங்கடேஷிடமிருந்து. 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாக்கிற்கும் சேர்த்துக் காணிக்கையாக்கியபோது, இந்தப் பள்ளிக்கூடங்களெல்லாம் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்தன என்று எனக்குத் தோன்றும்.

ஆனால் பாகங்களைக் கூட்டினால் இளையராஜா வந்துவிடுவாரா? வரமாட்டார். அதே அம்மா, அதே அண்ணன், அதே மேடை அவருடைய சகோதரர்களுக்கும் கிடைத்தது. கங்கை அமரன் தனக்கென்று வேறொரு வழியில் பெயர் வாங்கினார். பாதிப்புகள் என்பது விதைநெல் மாதிரி. அதை நாற்றாக்கி நட்டு, களை பறித்தது அந்த 18 வருட உழைப்பு.

தம்பி, உன் கேள்விக்கு வருகிறேன். நானும் விடுதியில் இரவெல்லாம் கம்ப்யூட்டரில் பாட்டு செய்தவன்தான். கிடைத்த சாப்ட்வேரையெல்லாம் ஏற்றினேன். என் பாட்டி நாற்று நடும்போது பாடியதை மட்டும் ஒருநாளும் பதிவு செய்யவில்லை. பாட்டி போய்விட்டார், அந்தப் பாட்டில் இரண்டு வரிதான் இப்போது ஞாபகம் இருக்கிறது. என்னிடம் இல்லாமல் போனது கருவி இல்லை. கையில் இருந்ததைக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அதனால் இனி எதுவும் வாங்காதே. ஊருக்குப் போ. உன் வீட்டில் யார் பாடுவார்கள் என்று கேள், பதிவு செய். கண்டிப்பான ஒரு ஆசிரியரைத் தேடு. அடுத்தவர் பாட்டுக்குக் கொஞ்ச காலம் வாசி. கூட்டத்துக்கு முன்னால் பாடித் தோற்றுப் பார்.

2025 மார்ச் 8-ம் தேதி, 81 வயதில், லண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. மலை மேலே இருந்த பியானோவைத் தொட முடியாத ஊரிலிருந்து கிளம்பியவர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறார். அடுத்த சந்திப்பில் உன் பாட்டைக் கொண்டு வா தம்பி. அதே பந்தியில் உட்கார்ந்து கேட்போம்.