காணாமற்போன பெண் வழக்கு (நீலகிரி மாவட்டம்)

காணாமற்போன பெண் வழக்கு என்பது, வயதுவந்த பெண் ஒருவர் இருக்குமிடம் தெரியவில்லை என்று உறவினரோ பிறரோ கொடுக்கும் புகாரின்பேரில் காவல் நிலையத்தில் பதிவாகும் வழக்கு. தமிழ்நாட்டில் இதன் முதல் தகவல் அறிக்கை ‘பெண் காணவில்லை’ என்ற தலைப்பில் பதியப்படுகிறது. சிறுமியர் வழக்குகள் இதில் சேரா. காணாமற்போன குழந்தை கடத்தப்பட்டதாகவே முதலில் கருதப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. வயதுவந்த பெண்ணுக்கு அப்படியொரு அனுமானம் இல்லை. குற்றம் நடந்ததா, விபத்தா, விருப்பப்பட்டுப் போனாரா என்று எதுவும் தெரியாத நிலையில்தான் அவர் வழக்கு தொடங்குகிறது. துப்புத் துலங்காமல் நிற்கும் வழக்குகள் பலவற்றுக்கும் வேர் இந்தத் தொடக்க மயக்கமே. நீலகிரியில் அதோடு மலையும் சேர்ந்துகொள்கிறது.

நிலமும் தேடலும்

உதகமண்டலம், குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு வட்டங்கள் கொண்ட இம்மாவட்டத்தில் 2011 கணக்கெடுப்பின்படி 7,35,394 பேர் வாழ்ந்தனர். நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. மேற்கே கேரளமும் வடக்கே கர்நாடகமும் எல்லைகள். குன்னூர், கோத்தகிரி வழிகள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகின்றன. மஞ்சூர், கெத்தை வழி காரமடைக்குப் போகிறது. கல்லட்டி வழி மசினகுடிக்கும், கூடலூர் வழி மைசூரு, சுல்தான் பத்தேரி, நிலம்பூர் ஆகிய ஊர்களுக்கும் போகின்றன. புகார் எழுதி முடிப்பதற்குள் ஒருவர் வேறு மாநிலத்தில் இருக்க முடியும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமானது. சுற்றுலா நெரிசலைக் கணக்கிட வந்த ஏற்பாடு இது. ஆனாலும் எந்த வாகனம் எந்த நாளுக்கு அனுமதி பெற்றது என்ற பதிவு விசாரணைக்கும் உதவக்கூடியதே.

மலையில் ஆளைத் தேடுவது எத்தனை கடினம் என்பதற்கு 2018 அக்டோபர் விபத்து சாட்சி. சென்னையிலிருந்து வந்த எழுவர் உதகையிலிருந்து காரில் கிளம்பி, தங்கியிருந்த விடுதிக்குத் திரும்பவில்லை. 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் கார் பள்ளத்தில் விழுந்து கிடந்தது இரண்டு நாள் கழித்தே தெரியவந்தது. ஐவர் இறந்திருந்தனர், இருவர் உயிரோடு மீட்கப்பட்டனர். வாகனங்கள் போகிற சாலைக்குக் கீழேதான் அவர்கள் அத்தனை நேரமும் கிடந்தார்கள். அதன்பின் வெளியூர் வாகனங்கள் அவ்வழியே இறங்கக் கட்டுப்பாடு வந்தது.

2021இல் டி-23 என்று பெயரிடப்பட்ட புலியைக் கேமராக்கள், டிரோன்கள், கும்கி யானைகள், மோப்ப நாய்கள் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு வனத்துறை ஏறத்தாழ மூன்று வாரம் தேடியது. அக்டோபர் 15 அன்று மசினகுடிப் பக்கம் பிடிபட்டது. காலடித் தடம் பதித்து நடமாடும் விலங்குக்கே இந்தப் பாடு என்றால், அசைவற்றுக் கிடக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழையும் தடயத்தை விட்டுவைப்பதில்லை. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்ட் 8 அன்று ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது.

தேயிலைத் தோட்டங்களில் வேறொரு சிக்கல். நிரந்தரத் தொழிலாளியின் பெயர் செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் இருக்கும். கொழுந்து நிறுக்கும்போது கணக்கு எழுதப்படும். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் பக்கத்துச் சுவர்க்காரருக்கு எல்லாம் தெரியும். அப்படிப்பட்டவர் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டாலே மேஸ்திரி கேட்பார். ஜார்க்கண்ட், அசாம் போன்ற மாநிலங்களிலிருந்து ஆள்பிடிப்போர் மூலம் வரும் பெண்களுக்கு இந்தக் கவனிப்பு இல்லை. பெயர் பதிவில் இல்லாதவர் காணாமற்போனால், போனார் என்று சொல்லவே ஆள் இருக்காது. தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் தேட ஆட்கள் உண்டு. மலைக்காட்டை அறிந்த குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் சமூகத்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக வனத்துறையில் இருக்கிறார்கள். தேடலில் முதலில் அழைக்கப்பட வேண்டியவர்கள் அவர்களே.

இதேபோன்ற தேயிலை மலை ஒன்றில் நடந்த உலகப் புகழ்பெற்ற வழக்கும் உண்டு. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று மலேசியாவின் கேமரன் மலையில் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடந்து வெளியேறினார். படையினர், ஹெலிகாப்டர்கள், ஒராங் அஸ்லி பழங்குடியினர், குறிசொல்வோர் என்று யார் யாரோ தேடியும் கிடைக்கவில்லை. இன்றுவரை விடை இல்லை.

பதிவும் விசாரணையும்

புகாரை வாங்கிக்கொண்டு மனு ரசீது மட்டும் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கின் தீர்ப்பு கண்டித்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை கட்டாயம் என்றது உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு. அவ்வழக்கே, மகளைக் காணவில்லை என்று தந்தை ஒருவர் கொடுத்த புகாரைப் போலீஸார் பதியாமல் இழுத்தடித்ததிலிருந்து எழுந்தது. அதற்கு முன், 2002இல் ஹோரி லால் வழக்கில், காணாமற்போனவர் படத்தை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலும் வெளியிட வேண்டும், அக்கம்பக்கத்திலும் பணியிடத்திலும் விசாரிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி எல்லை பாராமல் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். கூடலூரில் காணாமற்போனவருக்கு ஈரோட்டில் இருக்கும் தாய் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

சட்டத்தில் இவ்வளவு இருந்தும், பெண் காணாமற்போனதும் முதலில் எழும் பேச்சு ‘யாரோடாவது போயிருப்பாள்’ என்பதுதான். வீட்டாரே மானத்துக்குப் பயந்து சில நாள் வாய் திறப்பதில்லை. நிலையத்திலும் ‘ரெண்டு நாள் பாருங்கம்மா, வந்துடுவாங்க’ என்ற பதிலைக் கேட்காதவர் குறைவு. பலர் திரும்பி வருவதும் உண்மைதான். ஆனால் திரும்பாதவரின் கைப்பேசி சமிக்ஞையும் கண்காணிப்புக் கேமராப் பதிவும் அந்த இரண்டு நாளில்தான் கைநழுவுகின்றன. மலையில் ஒரே கைப்பேசிக் கோபுரம் பல பள்ளத்தாக்குகளுக்குச் சேர்த்துச் சேவை தருவதால், கடைசிச் சமிக்ஞை கிடைத்தாலும் அது காட்டும் வட்டம் பெரிது.

ஊகம் விசாரணையை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தென்னிந்தியாவிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. மைசூர் திவானாக இருந்த மிர்சா இஸ்மாயிலின் பேத்தி 1991 மே மாதம் பெங்களூரு ரிச்மண்ட் சாலை வீட்டிலிருந்து மறைந்தார். வெளியூர் போயிருக்கிறார், வெளிநாடு போயிருக்கிறார் என்று இரண்டாவது கணவர் மாற்றி மாற்றிச் சொல்லிவந்தார். நம்பாத மகள் 1992இல் அசோக் நகர் நிலையத்தில் புகார் கொடுத்தார். 1994 மார்ச்சில் அதே வீட்டின் பின்புறத்தைத் தோண்டியபோது சடலம் கிடைத்தது. கணவருக்கு விதிக்கப்பட்ட மரண தண்டனையை, ‘சுவாமி ஷ்ரத்தானந்தா எதிர் கர்நாடக அரசு’ வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் வாழ்நாள் முழுவதுமான சிறைத் தண்டனையாக மாற்றியது. சட்ட மாணவர்கள் தண்டனைக் கொள்கைக்காக இத்தீர்ப்பைப் படிக்கிறார்கள். காணாமற்போனவர் தேடப்பட்ட தூரத்துக்கும் அவர் கிடந்த தூரத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் புலனாய்வாளர்கள் படிக்க வேண்டும்.

அடையாளம் தெரியாத உடல்கள்

ஒரு மாவட்டத்தில் ‘காணவில்லை’ வழக்காக இருப்பது இன்னொரு மாவட்டத்தில் ‘அடையாளம் தெரியாத சடலம்’ என்ற வழக்காக இருக்கக்கூடும். நீலகிரியில் இது வெறும் ஊகமல்ல, நீரோட்டத்தின் கணக்கு. குந்தா, குன்னூர்ப் பக்கத்து ஓடைகள் பவானியில் சேர்ந்து கோவை மாவட்டத்துக்கு இறங்குகின்றன. மாயாறு ஈரோடு மாவட்டத்துப் பவானிசாகரில் போய் விழுகிறது. பாண்டியாறு கேரளத்தின் சாலியாற்றில் கலக்கிறது. 2024 ஜூலை 30 அன்று பக்கத்து வயநாட்டில் நடந்த நிலச்சரிவில் அடித்துச் செல்லப்பட்டவர்களின் உடல்கள் மலப்புரம் மாவட்டத்து நிலம்பூர்ப் பகுதியில் சாலியாற்றில் கிடைத்தன. மரபணுச் சோதனையால்தான் பலரை அடையாளம் காண முடிந்தது. ஆகவே உறவினரின் மரபணு மாதிரியை வழக்கின் தொடக்கத்திலேயே எடுத்து, ஆறுகள் இறங்கும் மாவட்டங்களின் சடலப் பதிவுகளோடு ஒப்பிடுவதுதான் முறை.

ஏழு ஆண்டு

ஒருவரைப் பற்றி, இயல்பாகத் தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஏழு ஆண்டு எந்தத் தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்பதை நிரூபிக்கும் பொறுப்பு அப்படிச் சொல்பவரைச் சேரும். பழைய சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருந்த இவ்விதி, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 111ஆம் பிரிவில் உள்ளது. இதைக் கொண்டு இறந்தார் என்று கொள்ளலாமே தவிர, எந்த நாளில் இறந்தார் என்று கொள்ள முடியாது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் எதிர் அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நடைமுறையில் இதன் பொருள்: காணாமற்போனவரின் காப்பீட்டுத் தவணையை நிறுத்திவிட்டால், ஏழு ஆண்டுக்குப்பின் பணம் கேட்கும் குடும்பம் வெறுங்கையோடு திரும்ப நேரலாம். பேரிடரில் மட்டும் அரசுகள் இக்காலத்தைத் தளர்த்துகின்றன. வயநாட்டில் காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதக் கேரள அரசு 2025 ஜனவரியிலேயே முடிவெடுத்தது.

சட்டவிரோதமாக அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயம் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். நீலகிரிக்காரர்கள் இதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டும். ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று போலீஸார் அறிக்கை தாக்கல் செய்தாலும் வழக்கு செத்துவிடுவதில்லை; புதிய தகவல் கிடைத்தால் மேல்விசாரணை செய்ய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு இடம் தருகிறது. அதற்குக் கால வரம்பு இல்லை.