இசியூச் சிறுவரும் ஒரு தந்தியும்

பிரான்சு நாட்டிலிருந்து 1942ஆம் ஆண்டு தொடக்கம் 1944ஆம் ஆண்டுவரை ஏறத்தாழ 76,000 யூதர் நாசிகளின் கொலைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர் என்பதும், அவருள் 11,000 பேருக்கு மேற்பட்டோர் சிறுவர் என்பதும் வரலாற்று நூல்கள் கூறுஞ் செய்தி. இத்தொகையை வாசிக்கும் மாணவன் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுதல் இயல்பே. ஆயின் அச்சிறுவருள் ஒருவனைச் சுட்டி, அவன் எங்குப் படித்தான், எந்நாளிற் பிடிபட்டான், எவ்வண்டியில் ஏற்றப்பட்டான் என வினவின், விடை பெறுவது எங்ஙனம்? இதனை ஓர் எடுத்துக்காட்டால் ஈண்டு ஆராய்வாம்.

தென்கீழ்ப் பிரான்சிலே இசியூ என்னும் சிறு மலைக்கிராமத்தில், 1943ஆம் ஆண்டு வசந்தகாலத்திற் சபீன் சிலாத்தின் அம்மையாரும் அவர் கணவர் மிரோனும் யூதச் சிறுவர்க்கென ஒரு விடுதி அமைத்தனர். அப்பகுதி அப்பொழுது இத்தாலியர் வசமிருந்தமையால் ஓரளவு பாதுகாப்பு இருந்தது. சிறுவர் பலருடைய பெற்றோர் முன்னரே பிடிபட்டிருந்தனர். செத்தெம்பரில் இத்தாலியர் நீங்க, செருமானியர் புகுந்தனர். எனினும் ஒற்றோபரில் வீட்டு மாடியில் ஒரு வகுப்பறை திறக்கப்பட்டு, அரசாங்க ஆசிரியை ஒருவரும் நியமனம் பெற்றார். 1944 ஏப்பிரில் 6ஆந் திகதி, பெரிய வியாழனன்று காலை, கெஸ்தாப்போவினர் லொறிகளுடன் வந்திறங்கினர். ஆசிரியை ஈஸ்டர் விடுமுறைக்குத் தம் பெற்றோரிடஞ் சென்றிருந்தார். சிலாத்தின் அம்மையாரும் ஊரில் இல்லை.

அன்றிரவே லியோன் நகரக் கெஸ்தாப்போ அதிகாரி கிளவுஸ் பார்பியின் பெயரால் ஒரு தந்தி பாரிசுக்குப் போயிற்று. 3 முதல் 13 வயதுவரையுள்ள பிள்ளைகள் 41 பேரும், பெண்கள் ஐவருட்பட ஊழியர் 10 பேரும் பிடிபட்டனர். காசோ பிற பொருளோ கைப்பற்ற முடியவில்லை. மறுநாள் திராந்சி முகாமுக்கு அனுப்பப்படுவர். இதுவே அதன் சாரம். காசு அகப்படாமையைக் குறிக்க இடமிருந்தது. ஒரு பிள்ளையின் பெயரைக் குறிக்க இடமிருக்கவில்லை.

பெயர்கள் வேறிடத்திற் கிடைத்தன. திராந்சியிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு புகைவண்டிக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் தட்டெழுத்திற் தயாரிக்கப்பட்டது. மெல்லிய தாளில் எஞ்சிய அதன் காபன் பிரதிகள் பாரிசிலுள்ள யூத ஆவண நிலையத்தில் இருந்தன. எழுத்து மங்கியவை, அயல்நாட்டுப் பெயர்கள் பிழைபட்டவை. அவுஷ்விற்சிலே தந்தையைப் பறிகொடுத்த சேர்ஜ் கிளார்ஸ்பெல்ட் என்னும் வழக்கறிஞர் அவற்றைப் படித்தெடுத்து 1978இல் நூலாக்கினார். பின்னர் இசியூச் சிறுவரைப் பற்றித் தனிநூலும் எழுதினார்.

பட்டியல்களைத் தந்தியோடு ஒப்பிடுமிடத்து ஒரு வேறுபாடு தோன்றுகின்றது. பிடிபட்ட சிறுவர் 41 அல்லர், 44 பேர். வளர்ந்தோர் 10 அல்லர், எழுவர். மொத்தம் 51 என்பது இரண்டிலும் ஒன்றே. மூத்த மாணவருக்கு வயது 17 ஆதலின், அத்தகையோர் ஊழியராக எண்ணப்பட்டனர் எனக் கொள்ளலாம். அலுவலகப் பத்திரம் உண்மையானது என்பதால் அதன் எண்ணும் சரியானதெனக் கொண்டிருந்தால், மூவர் மாணவர் கணக்கிலிருந்து மறைந்திருப்பர்.

ஏப்பிரில் 13ஆந் திகதி புறப்பட்ட 71ஆம் வண்டித்தொடரிலே 34 சிறுவரைக் காண்கிறோம். அவர்களோடு சென்ற பராமரிப்பாளர் ஒருத்தி பொய்ப்பெயரிற் பத்திரம் பெற்றிருந்தவர். பிள்ளைகளைப் பிரியாதிருக்கத் தம் மெய்ப்பெயரைத் தாமே வெளியிட்டவர். முகாமிலிருந்து உயிருடன் மீண்டவர் அவர் ஒருவரே. எஞ்சிய சிறுவர் அடுத்த தொடர்களிற் சென்றனர். 42 பேர் அவுஷ்விற்சிற் கொல்லப்பட்டனர். மூத்த மாணவர் இருவரும் மிரோன் சிலாத்தினும் மே 15ஆந் திகதி போல்திக் நாடுகளை நோக்கி அனுப்பப்பட்டு, எஸ்தோனியாவிற் சுடப்பட்டு மாண்டனர்.

பார்பி பொலிவியாவில் மறைந்து வாழ்ந்து, 1983இற் பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டான். வழக்கில் எதிரிதரப்பு வழக்கறிஞர் அத்தந்தியின் மெய்ம்மையை மறுத்துப் பார்த்தார், பயனில்லை. 1987 யூலை 4ஆந் திகதி ஆயுட்சிறை விதிக்கப்பட்டது.

வேறு சில தாள்களும் உள. சிலாத்தின் அம்மையார் வெறுமையான வீட்டிற்குத் திரும்பி வந்து, சிறுவரின் சித்திரங்களையும் கடிதங்களையும் பொறுக்கிச் சேர்த்தார். அவை இன்று பாரிசுத் தேசிய நூலகத்தில் இருக்கின்றன.